நெடுந்தீவுத் தண்ணீரின் திறப்பு

போன மாதம் வேலணையில் ஒரு கூட்டம். தீவுகளில் உள்ள குடிநீர் நிலையங்களுக்குப் புதிய கட்டுப்பாட்டுக் கருவிகள் வாங்கப் போகிறார்களாம். ஓய்வு பெற்றவர்களையும் கருத்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். இப்படியான கூட்டங்களில் ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டால், வந்து வடையைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இரும் என்றுதான் அர்த்தம். நானும் இரண்டாவது வடையோடு பேசாமல்தான் இருந்தேன்.

அப்போது விற்க வந்த கம்பனியின் பிரதிநிதி, கழுத்துப்பட்டி கட்டிய, நல்லாகப் பேசக்கூடிய ஒரு பிள்ளை, திரையில் படத்தைக் காட்டிக்கொண்டு சொன்னார்:

“மென்பொருளின்ர மூலநிரலை எந்தக் கம்பனியும் வாடிக்கையாளருக்குக் காட்டாது. உங்களுக்கு அது தேவையுமில்லை. தண்ணி வந்தால் காணும்தானே?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வடையை வைத்துவிட்டு எழுந்தேன்.

“தம்பி, தண்ணி வராட்டி?”

“அதுக்குத்தானே ஐயா எங்கட சேவைப் பிரிவு இருக்கு.”

சேவைப் பிரிவு! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நெடுந்தீவின் கல்வேலிகளும், அவற்றின் ஓரமாக நாங்கள் வெட்டிய பள்ளங்களும்தான் கண்ணுக்குள் வந்தன. தலைவர் எனக்குக் கொஞ்ச நேரம் தந்தார். சொல்ல வேண்டியதை அந்த நேரத்துக்குள் சொல்லி முடிக்க ஏலவில்லை. ஆகையால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விசயம் தெரியாதவர்களுக்கு. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு சின்னக் கணினி. பம்பு எப்போது ஓட வேண்டும், ஊருக்குப் போகும் வால்வு எப்போது திறக்க வேண்டும் என்று அதுதான் முடிவெடுக்கும். எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று யாரோ ஒரு மனிதர் வரிவரியாக எழுதிக் கொடுத்திருப்பார். அந்த வரிகள்தான் மூலநிரல். கம்பனிகள் பெட்டியை விற்கும், வரிகளைக் காட்டாது. பெட்டி என்ன செய்கிறது என்பதை நாங்கள் பார்க்கலாம். ஏன் செய்கிறது என்று கேட்க ஏலாது.

நான் நாரந்தனைக்காரன். போர்க்காலத்தில், மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மின்சாரம் படித்தவன். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் என்பதைப் பாடப்புத்தகத்தில் நம்பித்தான் சோதனை எழுதினேன். பிறகு நீர் வழங்கல் அலுவலகத்தில் தொழில்நுட்ப அலுவலர் வேலை. கணினி வந்தபோது கொழும்புக்கு அனுப்பிப் படிப்பித்தார்கள். நிரல் எழுதப் பழகினேன். எழுதுவதிலும் பார்க்க மற்றவன் எழுதியதை வாசிப்பது எனக்குப் பிடித்துக்கொண்டது. படிப்புக் கதை அவ்வளவுதான்.

என்னை வேலைக்காரனாக்கியவர் எங்கள் பிரதம பொறியியலாளர் இராசமலர் மிஸ். மெல்லிய ஆள், மெல்லிய குரல். சத்தம் போட்டு நான் கண்டதே இல்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்குவதைவிட ஏச்சு வாங்குவது சுகம். எந்தப் புதிய கட்டடத்தைப் பொறுப்பேற்கப் போனாலும், எந்தப் பம்பைப் பார்க்கப் போனாலும், அவருடைய முதற் கேள்வி ஒன்றுதான்: “திறப்பு ஆரிட்ட இருக்கு?”

இதற்கு ஒரு பின்கதை உண்டு. மண்டைதீவில் ஒரு பம்பு வீட்டைத் திறக்கப் போன அன்று, கதவின் திறப்பு, அதாவது சாவி, ஒப்பந்தக்காரரின் காவலாளியிடம் இருந்தது. காவலாளி கலியாணவீட்டுக்கு வவுனியா போய்விட்டார். பிரமுகர்கள் மாலையும் கையுமாக வெயிலில் நின்றார்கள். அன்றிலிருந்து மிஸ் அந்தக் கேள்வியை விடவேயில்லை.

நெடுந்தீவு நிலையத்துக்குப் பெட்டி வாங்கும் ஒப்பந்தம் வந்தபோதும் அதையேதான் கேட்டார். ஒப்பந்தங்களை அவர் கதிரையில் இருந்து வாசிப்பதில்லை. யன்னலோரம் நின்று, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வாசிப்பார். இருந்தால் நித்திரை வரும், நித்திரை வருமாப்போலத்தான் இதை எழுதுகிறார்கள் என்பது அவருடைய கட்சி.

“இந்தப் பெட்டிக்குத் திறப்பு ஆரிட்ட?”

“கம்பனியிட்ட, மிஸ்.”

“கம்பனி பூட்டிப்போட்டுப் போனா? இல்லாட்டி, கம்பனி இருந்தும் வராட்டி? நெடுந்தீவுக்குக் காத்தடிச்சா வள்ளமே வராது, கொழும்பில இருந்து கம்பனியே வரப்போகுது?”

பென்சிலை எடுத்தார். நிலையத்தில் விளங்காத கோளாறு வந்தால் மூலநிரலை நாங்கள் பார்க்கலாம். எங்கள் பாவனைக்கு மட்டும் திருத்தலாம். வேறொருவருக்குக் கொடுக்கவோ விற்கவோ மாட்டோம். இதுதான் அவர் சேர்த்த பிரிவு. கம்பனிக்காரர் சிரித்துக்கொண்டு ஒப்பமிட்டார். இந்தத் தீவில் யார் இதை வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

நிலையம் திறந்து முதல் மாதங்கள் ஒரு குறையுமில்லாமல் போயின. நெடுந்தீவுக்காரர் காலம் காலமாக உவர்த்தண்ணியோடு சீவித்தவர்கள். நல்ல கிணறு இருக்கிற பக்கம் நடந்து நடந்து கால் தேய்ந்தவர்கள். வீட்டு வாசலில் பைப்பைத் திருக நல்ல தண்ணீர் வந்தபோது சனம் கோவிலிலும் தேவாலயத்திலும் எங்களுக்காக வேண்டுதல் செய்தார்களாம். எனக்குப் பெருமையில் கால் நிலத்தில் படவில்லை.

பிறகு சோளகக் காற்று வீசும் வறட்சிக் காலம் பிறந்தது. வெயில் ஏற ஏறக் கிணறுகள் உவர்த்துப் போயின. சனம் முழுவதும் எங்கள் பைப்பை நம்பியது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பெட்டி படுத்துவிட்டது. பின்னேரத்தில் தண்ணீர் திறந்து கொஞ்ச நேரத்துக்குள் வால்வு பூட்டிக்கொள்ளும். திரையில் ஒரே வசனம்: குழாய் உடைவு, சேவைப் பிரிவைத் தொடர்புகொள்ளவும். தொடர்புகொண்டால் ஓர் இலக்கத்தைச் சொல்லித் திறக்க வைப்பார்கள். அடுத்த நாள் பின்னேரம் திரும்பவும் அதே கதை. வால்வைக் கையால் திறந்தால் பெட்டி பம்பையே நிறுத்திவிடும்.

“உங்கட குழாய் எங்கயோ உடைஞ்சிருக்கு. தேடுங்கோ” என்றது சேவைப் பிரிவு.

தேடினோம். நெடுந்தீவு நிலம் எப்படிப்பட்டது என்று போனவர்களுக்குத் தெரியும். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே முருகைக்கல். கல்வேலி ஓரமாகக் குழாய் போன வழியெல்லாம் அலவாங்கு போட்டு வெட்டினோம். உடைவும் இல்லை, ஒழுக்கும் இல்லை. எங்கள் தொழிலாளரின் உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். தீவின் காட்டுக் குதிரைகள் தூர நின்று, இவர்களுக்கு என்ன பிடித்திருக்கிறது என்பதுபோலப் பார்த்தன.

குழாயின் கடைசி வீடு பிலோமினா அக்காவினுடையது. புருசன் கடலோடு போனவர். மகள் யாழ்ப்பாணத்தில் கலியாணம் கட்டியிருந்தாள். அக்காவுக்கு மாடுகள்தான் எல்லாம். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார், பெயரைச் சொல்லித்தான் ஏசுவார். நான் ஒரு நாள் போனபோது தொட்டி காய்ந்து கிடந்தது. மாடுகள் அதன் விளிம்பை நக்கிக்கொண்டு நின்றன.

“தம்பி, உண்மையைச் சொல்லும். உந்தத் தண்ணி இனி வருமோ?”

“வரும் அக்கா.”

“நீர் ஒவ்வொருநாளும் உதைத்தான் சொல்லுறீர். மாட்டு வியாபாரி மாதக் கடைசிச் சனிக்கிழமை வாறன் எண்டவன். குடுத்துப்போட்டு மகளிட்டப் போகப் போறன். மனுசர் தாகத்தைப் பொறுக்கலாம். இதுகளுக்கு என்னெண்டு சொல்லி விளங்கப்படுத்துறது?”

அவர் அழவில்லை. நெடுந்தீவில் ஒரு வீடு பூட்டினால் அது பிறகு திறக்கிறதில்லை. பூட்டிய வீடுகளுக்கு நடுவில்தான் அக்கா குடியிருந்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பினால் அங்கே வேறு இடி. மேலிடத்தில், இந்த நிலையம் சரிவராது, கழற்றிக்கொண்டு வந்து வேறு இடத்தில் பூட்டுவோம் என்று கதை தொடங்கியிருந்தது. இராசமலர் மிஸ் எல்லாவற்றையும் கேட்டார். பால் விடாத தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீர் நிரல் வாசிப்பீர்தானே?”

“ஓம் மிஸ்.”

“அப்ப திறப்பை வாங்குவம்.”

அன்று சிரித்துக்கொண்டு ஒப்பமிட்ட கம்பனியின் முகாமையாளர் யாழ்ப்பாணம் வந்தார். அந்தச் சந்திப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவர் கெட்ட மனிதரில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய பயம் நியாயமானது. எத்தனையோ பேர் வருடக்கணக்காக இருந்து எழுதியதை ஒருவன் பார்த்துவிட்டுப் போட்டிக் கம்பனிக்குக் கொடுத்தால் என்ன செய்வது?

“மேடம், மூலநிரல் எண்டது எங்கட குசினி. சாப்பாடு தருவம். குசினிக்குள்ள ஆரையும் விடமாட்டம்.”

“சரி” என்றார் மிஸ். “சாப்பிட்ட ஆளுக்கு ஒவ்வொருநாளும் வயித்துக்குத்து. இப்ப குசினியைப் பாக்க வேணுமோ இல்லையோ?”

“எங்கட சாப்பாட்டில பிழையில்லை.”

“பிழையில்லாட்டி காட்டுறதில என்ன?”

பிறகு அந்த மௌனம். முகாமையாளர் கடிகாரத்தைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் தன் ஒப்பமிருந்த ஒப்பந்தத்தைப் பெருமூச்சோடு மூடினார்.

ஏற்பாடு இப்படி. கம்பனி தன்னுடைய நிரலாளர் ஒருவரை மடிக்கணினியோடு அனுப்பும். எங்கள் அலுவலகத்தில், மிஸ்ஸின் அறையில் இருந்துதான் வாசிக்க வேண்டும். கைத்தொலைபேசி வெளியே. வந்தவர் கஜன், கொக்குவில் பக்கத்துப் பொடியன், கெட்டிக்காரன். எங்களுக்குக் காவலிருக்கத்தான் அவரை அனுப்பினார்கள். முதல் நாள் திரையை என் பக்கம் திருப்புவதற்கே மனமில்லாமல் இருந்தார்.

மிஸ் வாசிப்பதற்கும் முறை வைத்திருந்தார். முதலாவதாக, எதையும் தொடக்கூடாது. இரண்டாவது, கோளாறு எங்கே இருக்கும் என்று ஊகித்து அங்கே பாயக்கூடாது. தண்ணீர் போகிற வழியிலேயே போக வேண்டும், கடலில் தொடங்கி வீட்டுப் பைப் வரை. மூன்றாவது, விளங்காத வரியை விளங்கியது போலத் தலையாட்டக்கூடாது. இந்த மூன்றாவதில்தான் நான் அதிகம் கஷ்டப்பட்டேன். தலை தன்பாட்டுக்கு ஆடும். மிஸ் உடனே கேட்பார், “என்ன விளங்கினது, சொல்லும்.” இரண்டு தரம் முழித்தபிறகு தலை அடங்கிவிட்டது.

கடலில் இருந்து தண்ணீர்த் தாங்கி வரைக்கும் அருமையான வேலை. வாசிக்க வாசிக்க எனக்கு எழுதியவர்கள் மேல் மரியாதை வந்தது. அதைக் கஜனுக்கும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். பிறகு ஊருக்குப் போகும் வால்வுக்கு வந்தோம். அங்கேதான் அந்தப் பகுதி இருந்தது. கம்பனி தந்த கைந்நூலில் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை.

எளிமையாகச் சொன்னால், எழுதியிருந்தது இதுதான். திடீரென்று வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் ஓடினால், குழாய் உடைந்துவிட்டது என்று எடுத்துக்கொள். வால்வைப் பூட்டு. சற்றுப் பொறுத்து, வால்வைக் கொஞ்சமாகத் திறந்து பார். தண்ணீர் ஓடாவிட்டால் எல்லாம் சரி, திற. ஓடினால் உடைவு இன்னும் இருக்கிறது. பூட்டிவிட்டு இன்னும் கூடுதலான நேரம் பொறு. பல தரம் ஓடினால் முற்றாகப் பூட்டிச் சேவைப் பிரிவைக் கூப்பிடு.

“இதில என்ன பிழை அண்ணை?” என்றார் கஜன். “பெரிய நகரத்துக்கு எழுதினது. அங்க நல்லா வேலை செய்யுது.”

முதற் பகுதி எனக்கு உடனே விளங்கியது. பின்னேரம் மாடு பட்டிக்கு வரும் நேரம். முழுத் தீவும் ஒரே நேரத்தில் தொட்டி நிரப்பும். பெட்டிக்கு அது குழாய் உடைந்தது போலத் தெரியும். ஆனால் வால்வு பூட்டியபிறகு? தண்ணீர் நின்றால் சனம் பேசாமல் போய்விடும்தானே. பிறகு பெட்டி திறந்து பார்க்கும்போது ஏன் தண்ணீர் ஓட வேண்டும்?

அதே கேள்வியோடு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அன்று எங்கள் வீதியிலும் தண்ணீர் இல்லை. குசினிக்குள் கை கழுவப் போனால் பைப் முழுதாகத் திறந்து கிடக்கிறது, கீழே ஒரு வாளி.

“தண்ணி இல்லாத பைப்பை ஏனப்பா திறந்து வைச்சிருக்கிறீர்?” என்று மனைவியைக் கேட்டேன்.

“பூட்டி வைச்சா, தண்ணி வந்தது எப்பிடித் தெரியும்?”

நான் சாப்பிடவில்லை. கழுவாத கையோடு சைக்கிளில் ஏறினேன்.

நாங்கள் எல்லோரும் அப்படித்தான். தண்ணீர் நின்றால் பைப்பைப் பூட்டுவதில்லை, திறந்துவிட்டு வாளியை வைப்போம். வாளிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வருவோம். நெடுந்தீவு முழுவதும், பிலோமினா அக்காவின் தொட்டி வரைக்கும், எல்லாப் பைப்பும் திறந்த வாயோடு பார்த்துக்கொண்டிருந்தன. பெட்டி கொஞ்சம் திறந்து பார்க்கும். தண்ணீர் ஓடும். உடைவு என்று பூட்டும். சனம் இன்னும் அகலமாகத் திறந்து வைக்கும். பெட்டி இன்னும் நேரம் பொறுக்கும். இரண்டு பகுதியும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து தீவே காய்ந்தது!

கஜன் இதைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். பிறகு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “எங்கட அம்மாவும் அப்பிடித்தான் அண்ணை வாளி வைக்கிறவ” என்றார்.

சனத்துக்குப் பைப்பைப் பூட்டச் சொல்லி அறிவித்தல் போடலாம் என்றேன். மிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. “பெட்டியைச் சனத்துக்கு வாங்கினனாங்கள். சனத்தைப் பெட்டிக்கு வாங்கேல்லை” என்றார். அப்படியானால் உண்மையாக உடைந்த குழாயை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு விடை சொன்னவர் கஜன்தான். அவர் சொன்னார்:

“வாளி நிரம்பும்தானே, மிஸ். நிரம்பினால் மனுசர் பைப்பைப் பூட்டுவினம். ஓட்டம் வரவரக் குறையும். உடைஞ்ச குழாயைப் பூட்ட ஆளில்லை, அது குறையாது. நாங்கள் ஓடுதோ எண்டு பாக்கக்கூடாது. குறையுதோ எண்டு பாக்க வேணும்.”

மிஸ் எழுந்து போய் அவருக்குத் தன் கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு என் சேவைக்காலம் முழுவதும் அந்த மரியாதை கிடைத்ததில்லை. எரிச்சலாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

திருத்திய நிரலை நேரே தீவுக்குக் கொண்டுபோக மிஸ் விடவில்லை. அலுவலக முற்றத்தில் ஒரு சின்ன நெடுந்தீவைக் கட்டச் சொன்னார். தகரப் பீப்பாய்தான் தாங்கி, கம்பனி அனுப்பிய மாற்றுப் பெட்டிதான் அதற்குக் கட்டுப்பாடு. அதிலிருந்து குழாய், குழாயில் வரிசையாகப் பழைய பைப்புகள், ஒவ்வொன்றுக்கும் கீழே வாளி. எழுதுவினைஞர்கள்தான் ஊர்ச்சனம். தண்ணீர் வந்ததும் ஓடிவந்து வாளி நிரம்பினால் பூட்ட வேண்டும். கணக்குப் பகுதி அக்கா ஒருவர், நெடுந்தீவில் ஆட்கள் இப்படித்தான் என்று சொல்லிப் பக்கத்து வாளிக்காரரோடு கதைத்துக்கொண்டு பிந்தி வந்தார். அதுவும் நல்லதுக்குத்தான் வந்தது. பெட்டி இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று தெரிந்தது. கடைசியில் மிஸ் வாளால் குழாயை நடுவில் அறுக்கச் சொன்னார். தண்ணீர் பீறிட்டு எல்லோரையும் நனைத்தது. பெட்டி பார்த்தது, பொறுத்தது, குறையவில்லை என்று கண்டது, வால்வைப் பூட்டியது. நனைந்த சேலையோடு நின்று எங்கள் பிரதம பொறியியலாளர் கைதட்டினார்!

வியாபாரி வரவிருந்த சனிக்கிழமைக்கு முதல்நாள், குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினோம். சோளகம் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கஜன் திருத்திய நிரல் ஏற்றிய புதிய பெட்டிப் பாகத்தைப் பிள்ளையைப் போல மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, வழி முழுக்கச் சத்தியெடுத்தார். அதை நிலையத்துப் பெட்டியில் பூட்டி முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. கஜனை நிலையத்தில் விட்டுவிட்டு நான் பிலோமினா அக்காவின் வீட்டுக்குப் போனேன். தொட்டிக்கு மேலே பைப் திறந்து கிடந்தது. மாடுகள் பட்டிக்கு வந்திருந்தன.

தண்ணீர் வந்தது. தீவு முழுவதும் நிரப்பத் தொடங்கியது. வழக்கமாக நிற்கும் நேரமும் வந்தது. பைப்பில் ஓட்டம் மெலிந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றார். மெலிந்த ஓட்டம் நிற்கவில்லை. அங்கே பெட்டி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. வாளிகள் ஒவ்வொன்றாக நிரம்ப, பைப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்ட, கடைசி வீட்டுப் பைப் குபுக்கென்று கொட்டத் தொடங்கியது. தொட்டி நிறைந்து வழிந்தது. மாடுகள் கழுத்தை நீட்டிக் குடிக்கிற சத்தம் இருக்கிறதே, அதைவிட நல்ல சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

வியாபாரி சனிக்கிழமை வந்தார். வெறுங்கையோடுதான் வள்ளம் ஏறினார். நிலையத்தைக் கழற்றும் பேச்சும் அத்தோடு போயிற்று.

இதில் கம்பனிக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை. எங்களிடமிருந்து ஒரு வரி வெளியே போகவில்லை. கஜனின் திருத்தத்தைக் கம்பனி தன்னுடையதாகவே எடுத்து, வறண்ட ஊர்களில் உள்ள தன் பெட்டிகளில் எல்லாம் போட்டது. முகாமையாளர் மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்து நன்றி சொன்னார். தன் குசினியை வாடிக்கையாளருக்குக் காட்டியவர் நல்ல சமையலோடு திரும்பிப் போனார்.

எல்லா மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பொடியள் விளையாடுகிற விளையாட்டின் நிரலை வைத்து நான் என்ன செய்ய? ஆனால் ஓர் ஊரின் தண்ணீர், வெளிச்சம், மருந்து இவற்றில் கைவைக்கிற மென்பொருளை விற்பவர் அதை வாங்குபவருக்குக் காட்டத்தான் வேண்டும். எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எங்கள் வீட்டு வாளியை அவர் கண்டிருக்கமாட்டார். வாளியைத் தெரிந்தவனும் நிரலைத் தெரிந்தவனும் ஒரே திரையைப் பார்த்தால்தான் தண்ணீர் வரும்.

வேலணைக் கூட்டத்தில் இவ்வளவையும் சொல்ல முடியவில்லை. கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு இருந்தேன்.

“தம்பி, நீர் விக்கிற பெட்டிக்குத் திறப்பு ஆரிட்ட இருக்கு?”

பிறகு மிஸ்ஸிடம் படித்ததைச் செய்தேன். பேசாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். தலைவர் செருமினார். கடைசியில் அந்தப் பிள்ளை, கம்பனியோடு கதைத்துச் சம்மதம் வாங்கித் தருகிறேன் என்றார். வாங்கியும் தந்தார். புதிய ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு இருக்கிறது, மிஸ் எழுதிய அதே வசனங்களோடு. செய்தியைச் சொல்ல அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “நல்லது” என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு நான் இரவு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று மனைவி சொல்கிறாள்.

போன கிழமை நெடுந்தீவுக்குப் போனேன். பிலோமினா அக்காவின் பட்டியில் கன்றுகள் கூடியிருக்கின்றன. இப்போது தண்ணீர் நிற்பதே அருமை. அன்று ஏதோ திருத்த வேலைக்காகக் கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்தார்கள். அக்காவின் பைப் முழுதாகத் திறந்து கிடந்தது, கீழே வாளி.

“அக்கா, இன்னும் திறந்துதானோ வைக்கிறீங்கள்?”

“ஏன் தம்பி பூட்ட வேணும்?” என்றார் அவர். “உங்கட பெட்டிக்குத்தான் இப்ப எங்களைத் தெரியுமே.”